பிரான்ஸ் கிராமப்புறம்: வண்டி அதிகம் வராத சாலைகளை எப்படித் தேடுவது?

மருதமலை_மிதி:
வணக்கம். வரும் ஜூனில் நானும் மனைவியும் பிரான்ஸ் போகிறோம். பாரிஸில் அவளுடைய அக்கா வீடு இருக்கிறது. அங்கே சைக்கிள் வாடகைக்கு எடுத்துக்கொண்டு வெளியூர் கிளம்ப எண்ணம். நான் கோவையில் வாரக்கடைசிகளில் ஆனைகட்டிப் பக்கம் ஓட்டுகிறவன். அவளும் நன்றாக ஓட்டுவாள், ஆனால் பின்னால் லாரி வந்து ஹாரன் அடித்தால் இறங்கி நின்றுவிடுவாள். ஏற்றம் என்றாலும் முகம் சுருங்கும்.

யாரைக் கேட்டாலும் "லுவார் ஆற்றோரம் போ, கோட்டைகளைப் பார்" என்கிறார்கள். எங்களுக்குக் கோட்டை முக்கியமில்லை. தார்ச் சாலை, இரண்டு பக்கமும் வயல், எப்போதாவது ஒரு கார், நடுநடுவே ஊர். இவ்வளவுதான் வேண்டும். ப்ரோவான்ஸ், டோர்டோன் இரண்டையும் மனதில் வைத்திருக்கிறேன். சரியாக வருமா?

ஷெவ்ரூஸ்_சித்தப்பா:
தம்பி, சனமில்லாத ரோட்டுக்கு இந்த நாட்டில் பஞ்சமே இல்லை. கணக்கைப் பாருங்கோ. மொத்தம் சுமார் 11 லட்சம் கிலோமீட்டர் ரோடு. அதில் மோட்டார்வேயும் தேசிய ரோடும் சேர்ந்தே 21,000 அளவுதான். 'டி' எழுத்தில் தொடங்கும் மாவட்ட ரோடுகள் 3.8 லட்சம். மிச்சம் 7 லட்சம் கிலோமீட்டர் அந்தந்தக் கொம்யூனுக்குச் சொந்தமான சின்ன ரோடுகள். கொம்யூன் என்பது நம் ஊராட்சி மாதிரி, ஏறக்குறைய 35,000 இருக்கு. ஒவ்வொரு குக்கிராமத்துக்கும், தனியாக நிற்கிற பண்ணை வீட்டுக்கும் கூடத் தார் போட்டார்கள். பிறகு சனம் நகரத்துக்குப் போய்விட்டது, ரோடு அங்கேயே கிடக்கு. க்ரூஸ் மாவட்டத்தில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு 20 பேர் அளவில், லோசேரில் 15 பேர். தமிழ்நாட்டில் 2011 கணக்கெடுப்புப்படி 555.

மிஷ்லின் வரைபடம் ஒன்று வாங்குங்கோ, 1:1,50,000 அளவு. அதில் சிவப்புக் கோடு பெரிய ரோடு, மஞ்சள் நடுத்தரம், வெள்ளை சின்னது. வெள்ளையைப் பிடித்து ஓடினால் போதும். கோட்டின் மேல் அம்புக்குறி போட்டிருப்பார்கள்: ஒன்று என்றால் 5 முதல் 9 சதவீத ஏற்றம், இரண்டு என்றால் 13 வரை, மூன்று என்றால் அதுக்கும் மேல். மனுசி வாறா என்றால் இரண்டு அம்பு போட்ட ரோட்டுக்கே போகாதேங்கோ. இன்னொன்று, பக்கத்தில் பச்சைக் கோடு ஓடினால் 'அழகான ரோடு' என்று அர்த்தம். அந்தப் பச்சையைக் கார்க்காரனும் பார்ப்பான்.

துலூஸ்_டயர்:
சித்தப்பா சொன்னதில் பாதிக்குத்தான் கையெழுத்துப் போடுவேன். வெள்ளைக் கோடு என்றாலே அமைதி என்று நம்பிப் போனால் நகரத்தைச் சுற்றி மாட்டிக்கொள்வீர்கள். துலூஸிலிருந்து பதினைந்து இருபது கிலோமீட்டர் வட்டத்துக்குள் காலை எட்டு மணிக்கு வெள்ளைக் கோட்டில் போய்ப் பாருங்கள். ஜிபிஎஸ் காட்டிய குறுக்கு வழியில் ஆபீசுக்குப் பறக்கிற கூட்டம் முழுக்க அங்கேதான்.

சாலையின் நிறத்தைவிட அதன் பக்கத்தில் என்ன ஓடுகிறது என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். அதே திசையில் போக நல்ல பெரிய சாலை, அதுவும் காசில்லாத பெரிய சாலை இருக்கிறதா? இருந்தால் சின்னச் சாலையில் வர யாருக்கும் காரணமே இருக்காது. ஏ20 மோட்டார்வே வியர்சோனிலிருந்து ப்ரீவ் வரை இலவசம். அதனால் அதன் பக்கத்தில் ஓடும் பழைய தேசியச் சாலை என்20, இப்போது பல இடங்களில் டி920 என்று பெயர் மாறி, அகலமாக, வழவழப்பாக, பெரும்பாலும் காலியாகக் கிடக்கிறது. ஏ75-உம் அப்படித்தான். கிளெர்மோன்-ஃபெர்ரானிலிருந்து பெசியே வரை மில்லோ பாலத்துக்கு மட்டுமே கட்டணம். அதனால் பழைய என்9, லோசேரிலும் அவெரோனிலும் டி809 என்ற பெயரில் தூங்குகிறது. ஒரு காலத்தில் பாரிஸிலிருந்து தெற்கே போகிற கூட்டமெல்லாம் நெரித்த சாலைகள் இவை.

டோல் இருக்கிற இடத்தில் கதை தலைகீழ். ஏ10-க்குக் காசு, அதனால் அங்குலேம் வழியாகப் போகும் என்10-இல் லாரி மேல் லாரி. லாரிக்காரர் டோலைத் தவிர்ப்பார், கார்க்காரர் லாரியைத் தவிர்த்து இன்னும் சின்ன சாலைக்குள் புகுவார். கடைசியில் வந்து சேருவது நம் தலையில். ஆகவே வரைபடத்தைத் திறந்ததும் டோல் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். இதை எந்தச் சுற்றுலாத் தளமும் சொல்லாது.

லுவார்_ஓரத்துக்காரி:
நீங்கள் இரண்டு பேரும் உங்கள் வீரத்தைப் பேசுகிறீர்கள். அவர் கேட்டது மனைவியோடு போவதற்கு. லாரி ஹாரனுக்கே இறங்குகிறவரை டி ரோட்டில் ஏற்றிவிட்டு "காலியாகத்தானே இருக்கு" என்றால் ஆயிற்றா? வண்டியே நுழையக் கூடாத பசுமைப் பாதைகள் எதற்கு இருக்கின்றன? பர்கண்டியில் ஜிவ்ரியிலிருந்து க்ளூனி வரை பழைய ரயில் பாதையை 1997-இல் சைக்கிளுக்குத் திறந்தார்கள், நாட்டிலேயே முதல் பசுமைப் பாதை. ரயில் ஓடிய தடம் என்பதால் ஏற்றம் என்று சொல்லும்படி எதுவும் இல்லை. சுற்றிலும் திராட்சைத் தோட்டம்.

லுவாரையும் இளப்பமாகப் பேசாதீர்கள். 900 கிலோமீட்டர் பாதை, அடையாளப் பலகைகள் ஒழுங்காக இருக்கும், சைக்கிள்காரரை எதிர்பார்த்து விடுதிகள் இருக்கும். அதிலும் கணிசமான பகுதி நீங்கள் புகழ்கிற அதே சின்னச் சாலைகள்தான்.

துலூஸ்_டயர்:
அக்கா, பசுமைப் பாதையில் கார் வராது, வாஸ்தவம். குழந்தை வண்டி, நாய், ஸ்கேட்டிங், குடும்பம் குடும்பமாக நடப்பவர்கள் எல்லாம் வருவார்கள். ஜூலை ஞாயிற்றுக்கிழமை மணி அடித்து அடித்துக் கட்டைவிரல் வீங்கும். ஒவ்வொரு குறுக்குச் சாலையிலும் தடுப்புக் கம்பி வேறு. கால்வாய்க் கரை என்றால் இன்னும் மோசம். கனால் து மிதி துலூஸ் பக்கம் தார் போட்டு அருமையாக இருக்கும். மாவட்ட எல்லை தாண்டிக் கிழக்கே போகப் போக மண்ணும் மரவேரும்தான். அவர் தார்ச் சாலை என்று தெளிவாகக் கேட்டிருக்கிறார்.

லுவார்_ஓரத்துக்காரி:
ஜூலை ஞாயிறு பற்றி யார் கேட்டார்கள்? அவர் போவது ஜூன். செவ்வாய், புதன் காலையில் அந்தப் பாதைகளில் ஓய்வுபெற்ற தம்பதிகள் நாலு பேர் இருப்பார்கள். முதல் நாள் பசுமைப் பாதையில் ஓட்டி அந்தப் பெண்ணுக்குக் கை கூடட்டும், அப்புறம் சாலைக்கு வரட்டுமே. இதில் என்ன தகராறு?

ஷெவ்ரூஸ்_சித்தப்பா:
இது நல்ல யோசனை. நான் எதிர்க்கேல்லை.

மருதமலை_மிதி:
எல்லோருக்கும் நன்றி. பச்சைக் கோடு விஷயம் புதுசு. இப்போது என் உண்மையான பயம்: கார் குறைவு, சரி. வருகிற கார் எப்படி வரும்? காலிச் சாலை என்றால் வேகமாகத்தானே ஓட்டுவார்கள்?

துலூஸ்_டயர்:
ஆமாம், வேகமாகத்தான். இதை மறைக்கக் கூடாது. நடுவில் தடுப்பில்லாத சாலைகளில் 2018 ஜூலையில் வேக வரம்பை 90-இலிருந்து 80 ஆக்கினார்கள். பெரிய கூச்சல். 2019 கடைசியில் வந்த சட்டம் மாவட்டங்களே திரும்ப 90 ஆக்கிக்கொள்ளலாம் என்றது. கிராமப்புற மாவட்டங்கள் பல அப்படியே செய்தன. நீங்கள் போக நினைக்கிற மாதிரி ஊர்கள்தான் அவை.

ஆனால் முந்திச் செல்லும் விதம் வேறு. ஊருக்கு வெளியே சைக்கிளை முந்தினால் ஒன்றரை மீட்டர் இடைவெளி விட வேண்டும், ஊருக்குள் ஒரு மீட்டர். எதிரே பார்வை தெளிவாக இருந்தால் சைக்கிளை முந்துவதற்காக நடுவிலுள்ள தொடர்கோட்டை மிதிக்கவும் 2015 முதல் அனுமதி உண்டு. பெரும்பாலானவர்கள் எதிர்ப் பக்கம் முழுக்க ஒதுங்கித்தான் போவார்கள். வளைவில் நம் பின்னால் பொறுமையாகக் காத்திருப்பவர்களையும் பார்க்கலாம். ஹாரன் அடிப்பது அபூர்வம். அடித்தால் பெரும்பாலும் கோபம், நம் ஊர் மாதிரி "நான் வருகிறேன்" என்று சொல்வதற்கு இல்லை.

இரண்டு பேரும் பக்கம் பக்கமாக ஓட்டலாம், சட்டப்படி தவறில்லை. பின்னால் வண்டி வந்து முந்த விரும்பினால் ஒருவர் பின் ஒருவராகிவிட வேண்டும்.

ஷெவ்ரூஸ்_சித்தப்பா:
அதைவிட முக்கியம் வலப்பக்க முன்னுரிமை. ஊருக்குள் பலகை ஒன்றும் இல்லாத சந்தியில் வலது கைப்பக்கச் சந்திலிருந்து வாற கார்தான் முதலில் போகும், அது எவ்வளவு சின்னச் சந்தாக இருந்தாலும். நீங்கள் நேராகப் போகிறீர்கள் என்று அவன் நிக்க மாட்டான். மஞ்சள் வைரக்கல் வடிவப் பலகை கண்டால் முன்னுரிமை உங்களுக்கு. ஊர் தொடங்கும் இடத்தில் அதே பலகையில் கறுப்புக் கோடு விழுந்திருந்தால் கையை பிரேக்கில் வையுங்கோ. ஓடுறது வலப்பக்கம் என்பதையும் சேர்த்து முதல் இரண்டு நாள் மனுசிக்கு நினைவுபடுத்திக்கொண்டே இருங்கோ.

நேரமும் ஒரு பெரிய விசயம். பகல் 12 மணிக்குக் கொஞ்சம் முன்னால் எல்லோரும் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் பறப்பார்கள். அந்த நேரம் எங்கேயாவது நிழலில் நில்லுங்கோ. 12:15-இலிருந்து இரண்டு மணி வரைக்கும் ரோட்டில் ஒரு குருவி இராது. ஞாயிறு என்றால் மூன்று மணி வரைக்கும். பிரெஞ்சுக்காரன் மேசையை விட்டு எழும்ப மாட்டான். ஜூனில் நாட்டின் நடுப்பகுதியில் சூரியன் மறைய இரவு பத்து மணி ஆகும், ஆறு மணிக்குப் பிறகும் தாராளமாக ஓடலாம்.

ஈசிஆர்_விடியல்:
நானும் கொஞ்சம் எதிர்ப்பாட்டுப் பாடுகிறேன். ஆளில்லாத சாலை என்றால் கடையில்லாத சாலை என்றும் பொருள். நம் ஊரில் எந்தச் சாலையில் நின்றாலும் கண்ணுக்கெட்டும் தூரத்தில் டீக்கடை உண்டு. அங்கே நாலைந்து ஊர் தாண்டியும் ஒரு பெட்டிக்கடை இருக்காது. சித்தப்பா சொல்கிற அந்தப் பொன்னான 12 முதல் 2 மணிக்குள் கடைகள் சாத்தியிருக்கும். ஞாயிறு பிற்பகல் மொத்தமும் சாத்தியிருக்கும். திங்கட்கிழமை பேக்கரியும் பல ஊர்களில் லீவு. பசியோடு எழுபது கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்கள், அமைதியெல்லாம் அப்போது கண்ணில் தெரியாது.

ஷெவ்ரூஸ்_சித்தப்பா:
உண்மை. அதனால் காலை பாண் (ரொட்டி) கடை கண்ட இடத்தில் மத்தியானத்துக்கும் சேர்த்து வாங்கிக் கட்டிக்கொள்ள வேணும். பசிக்கும் முன் சாப்பிடு, தாகம் எடுக்கும் முன் குடி என்று செயின்ட்-எத்தியேனில் இருந்த சைக்கிள் பயண முன்னோடி போல் த விவி, வெலோசியோ என்றால் இங்கே எல்லோருக்கும் தெரியும், நூறு வருசத்துக்கு முன்னமே விதி எழுதி வைத்துவிட்டுப் போனார். பகட்டுக்காக மிதிக்காதே என்பதும் அவர் விதிதான். அதைத் துலூஸ் தம்பிக்கு அனுப்பி வைக்கலாம்.

சில ஊர்களில் கடையே மூடிப்போய், காசு போட்டால் பகெத் பாண் விழும் பெட்டி வைத்திருக்கிறார்கள். தண்ணிக்கு மயானத்துக்குப் போங்கோ. சிரிக்காதேங்கோ. ஊர்தோறும் மயானம் உண்டு, பூச்செடிக்கு ஊத்த வாசலுக்குப் பக்கத்தில் குழாய் இருக்கும். 'நோன் பொத்தாப்ல்' என்று பலகை போட்டிருந்தால் மட்டும் குடிக்க வேண்டாம்.

மருதமலை_மிதி:
மயானக் குழாய் என்று சொன்னதும் மனைவி "நான் அக்கா வீட்டிலேயே இருந்துவிடுகிறேன்" என்றாள். சமாதானப்படுத்தியாயிற்று. நாங்கள் சைவம். அதற்கும் ஏதாவது வழி உண்டா?

லுவார்_ஓரத்துக்காரி:
கிராமத்து உணவகத்தில் ஆம்லெட், ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி போட்ட சாலட், வறுத்த உருளைக்கிழங்கு. முட்டை சாப்பிடாவிட்டால் பட்டியல் இன்னும் சுருங்கும். சமையலறை உள்ள தங்குமிடமாகப் பாருங்கள், அல்லது கொம்யூனே நடத்தும் முகாம் மைதானம். கூடாரம் போட மலிவு, வெந்நீர்க் குளியல் இருக்கும். ஒரு சின்ன அடுப்பும் ரசப்பொடியும் இருந்தால் ராஜ வாழ்க்கை.

பிபிபி_பித்தன்:
சென்னையிலிருந்து. பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ் ஓட்டப் போனவன் என்பதால் மேற்குப் பக்கத்தைப் பற்றிச் சொல்லலாம். 1,200 கிலோமீட்டர், 90 மணி நேரம், நான்கு ஆண்டுக்கு ஒருமுறை, அடுத்தது 2027. இந்தியாவிலிருந்து இப்போதெல்லாம் பெரிய கூட்டமே போகிறது. அந்தப் பாதை முழுக்க இவர்கள் சொல்கிற மாதிரிச் சாலைகள்தான். மாயேன், பிரிட்டனிப் பக்கம் வயல்களுக்கு நடுவே உயர்ந்த வேலி, வேலிக்கு நடுவே ஒற்றைச் சாலை. அந்த நாட்களில் ஊர்க்காரர்கள் நடுராத்திரியில் வீட்டு வாசலில் மேசை போட்டுக் காபியும் தண்ணீரும் வைத்திருப்பார்கள். வில்லேன்-லா-ஷுவெல் ஊரில் கிடைக்கிற வரவேற்பு தனி, ஊரே திருவிழாவாக இருக்கும்.

ஆனால் அதைச் சமவெளி என்று யாரும் நம்ப வேண்டாம். பெரிய மலை ஒன்றுமில்லை, இருந்தும் போய் வருவதற்குள் ஏற்றம் சுமார் 12,000 மீட்டர் சேர்ந்துவிடும். ஏறு, இறங்கு, ஏறு, இறங்கு. அண்ணிக்கு அது ஆகாது.

இன்னொரு வழி சொல்கிறேன். பிரெஞ்சு மிதிவண்டிச் சுற்றுலா சம்மேளனம் ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆறு இடங்களைத் தேர்ந்தெடுத்து ஒரு முத்திரை அட்டை நடத்துகிறது, பி.பி.எஃப் என்பார்கள். அங்கே போய் ஏதாவது கடையில் முத்திரை வாங்க வேண்டும். அட்டை வாங்காவிட்டாலும் பரவாயில்லை, அந்தப் பட்டியலைப் பாருங்கள். சைக்கிள்காரர்கள் சைக்கிள்காரர்களுக்காகத் தேர்ந்தவை.

துலூஸ்_டயர்:
அருமையான யோசனை. இப்போது கேட்டவருக்குப் பதில். ப்ரோவான்ஸ்: ஜூனில் வெயில் ஏறிவிடும், லாவெண்டர் பார்க்கிற கூட்டம் மாசக் கடைசியில் தொடங்கும், வெர்தோன் பள்ளத்தாக்கில் மோட்டார்சைக்கிள் சத்தம் பாறையில் மோதித் திரும்பும். ஏற்றமும் உண்டு. வேண்டாம். டோர்டோன்: சார்லா, லா ரோக்-காஜாக் பக்கம் ஆற்றோரம் ஓடும் டி703-ஐ விட்டுத் தள்ளுங்கள். அதே மாவட்டத்தின் வடக்கே நோன்ட்ரோன் பக்கம் போனால் ஆள் நடமாட்டம் இல்லை, ஆனால் மேடு பள்ளம்.

எனக்குப் பிடித்தது லோத் மாவட்டத்தில் செலே ஆற்றுப் பள்ளத்தாக்கு. டி41, ஃபிஜாக்கிலிருந்து மேற்கே. ஆறு போகிற வழியில் போவதால் ஏற்றம் மிதமானது. ஒரு பக்கம் சுண்ணாம்புப் பாறை, ஒரு பக்கம் ஆறு. ஆகஸ்டில் படகுக்காரர்கள் வருவார்கள், ஜூனில் பிரச்சினை இல்லை.

ஷெவ்ரூஸ்_சித்தப்பா:
பாரிஸிலிருந்து அவ்வளவு தூரம் எதுக்கு? ப்ரென் போகட்டும். ஆந்த்ர் மாவட்டம், ஆயிரம் ஏரி நாடு என்பார்கள். மீன் வளர்க்கவென்று இடைக்காலத்திலிருந்து வெட்டிய குளங்கள். கெண்டை மீன், நாணல், கொக்கு. தட்டை நிலம். ஏ20 இலவச மோட்டார்வே கிழக்குப் பக்கமாகப் போகிறது, ஆகவே துலூஸ் தம்பியின் சித்தாந்தப்படியும் பாஸ்.

பாரிஸ் ஓஸ்தர்லிட்ஸ் ஸ்டேசனிலிருந்து லிமோஜ் போகும் ரயிலில் ஆர்ஜென்டோன்-சுர்-க்ரூஸ் வரைக்கும் போங்கோ. எல்லா ரயிலும் அங்கே நிக்காது, பார்த்து எடுக்க வேணும். நெடுந்தூர ரயிலில் சைக்கிளுக்குத் தனியாகக் காசு கட்டி இடம் பிடிக்க வேணும். உள்ளூர் டிஇஆர் ரயிலில் பொதுவாகச் சும்மா ஏத்தலாம், சில பிராந்தியங்களில் கோடையில் மட்டும் முன்பதிவு கேட்பார்கள். ஆர்ஜென்டோனிலிருந்து க்ரூஸ் ஆற்றோடு மேற்கே போனால் தெனே என்ற ஊர். அங்கே தொடங்கி லெ ப்லான் வரைக்கும் பழைய ரயில் பாதை பசுமைப் பாதையாகியிருக்கு. அக்கா சொன்ன முதல் நாள் பயிற்சி அங்கேயே ஆச்சு. லெ ப்லானிலிருந்து வடக்கே ரோனே, மெசியேர் என்று ஏரிகளுக்கு நடுவே வெள்ளை ரோடுகள்.

லுவார்_ஓரத்துக்காரி:
லெ ப்லான் பக்கம்தான் புலிஞி-சென்-பியேர், கோபுர வடிவ ஆட்டுப்பால் கட்டி. சைவச் சாப்பாட்டுப் பிரச்சினையில் பாதி தீர்ந்தது. மேற்கே கொஞ்சம் நீட்டினால் ஆங்கிள்-சுர்-லாங்க்லென், அழகான ஊர். கோட்டை வேண்டாம் என்றீர்கள், அங்கே இடிந்த கோட்டைதான், மன்னித்துவிடலாம்.

மருதமலை_மிதி:
மனைவி இப்போதுதான் முதல்முறையாக வரைபடத்தைக் கையில் எடுத்துப் பார்க்கிறாள்! ப்ரென் முடிவாகிவிட்டது. சைக்கிள், டயர், செயலி எல்லாம் என்ன?

பிபிபி_பித்தன்:
டயர் 32 மில்லிமீட்டர் போடுங்கள். சின்னச் சாலைகளில் பெரும்பாலும் வழவழப்பான தார் இருக்காது, தார் தெளித்து மேலே பொடிக்கல் அழுத்தியது. 25 போட்டால் உள்ளங்கை மரத்துப் போகும். கோடையில்தான் புதுக்கல் கொட்டுவார்கள். 'கிராவியோன்' என்று பலகை கண்டால் வேகத்தைக் குறையுங்கள், வளைவில் உதிரிக்கல் சறுக்கும். 'ருத் பாரே', சாலை மூடல், என்று பலகை இருந்தால் உடனே திரும்பிவிட வேண்டாம். பல நேரம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போக இடம் இருக்கும், அங்கே வேலை செய்கிறவரிடம் ஒரு 'பொன்ஷூர்' சொல்லிக் கேளுங்கள். கார்களுக்கு வழி அடைத்திருந்தால் அந்தச் சாலை மொத்தமும் உங்களுக்கே சொந்தம்.

செயலிகளில் 'அமைதியான வழி' என்று கேட்டால் சில நேரம் உழவு வண்டித் தடத்தில் இறக்கிவிடும். 'ஷெமென் ரூரால்' என்று போட்டிருந்தால் பெரும்பாலும் மண்தான். சந்தேகமான இடத்தைக் கூகுள் தெருப் படத்தில் முந்தின நாளே பாருங்கள்.

துலூஸ்_டயர்:
பல மாவட்டங்கள் சாலைவாரியாக ஒரு நாளைக்குச் சராசரியாக எத்தனை வண்டி ஓடுகிறது என்று எண்ணி வரைபடமாக இணையத்தில் போடுகின்றன. 500-க்குக் கீழே இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு போகலாம். அதாவது, கண்ணைத் திறந்துகொண்டே. 2,000 தாண்டினால் அண்ணிக்கு வேண்டாம். ஜூனில் வைக்கோல் காலம், டிராக்டர் வரும். ஆனால் டிராக்டர்காரர் கை காட்டிவிட்டுப் போவார். பயப்பட வேண்டியது மர லாரிக்கு. அது மொர்வான், மில்வாஷ் பீடபூமி மாதிரி ஊசியிலைக் காட்டுப் பக்கம்தான் அதிகம்.

ஈசிஆர்_விடியல்:
ஊருக்கு வெளியே பார்வை மங்கினாலோ இருட்டினாலோ ஒளிரும் மேலாடை கட்டாயம். பத்து மணி வரை வெளிச்சம் என்று சித்தப்பா சொன்னதை நம்பி விட்டுவிட்டுப் போகாதீர்கள். காதில் இயர்போனும் கூடாது, 2015-இலிருந்து தடை.

மருதமலை_மிதி:
குறித்துக்கொண்டேன். ஞாயிறு காலை ரயில் ஏறி, அன்று லெ ப்லானில் தங்கி, திங்கள் ஏரிப் பக்கம் என்று போட்டிருக்கிறேன். பாதையைக் கோப்பாக இங்கே ஏற்றவா?

ஷெவ்ரூஸ்_சித்தப்பா:
ஏத்துங்கோ, பார்ப்பம். ஆனால் ஞாயிறு பின்னேரம் போய் இறங்கி, திங்கள் ஏரிக்குள் போனால் இரண்டு நாளும் பாண் இல்லை. செவ்வாய் ரயில் எடுங்கோ, டிக்கெட்டும் மலிவாக இருக்கும்.

மருதமலை_மிதி:
செவ்வாய்க்கு மாற்றியாயிற்று. மனைவி ரசப்பொடி கட்டத் தொடங்கிவிட்டாள்.